ஆறாவது சத்தம்

வியாழன் காலையில் நான் ஜன்னலோரம் நிற்பது
தெருவை வேடிக்கை பார்க்க அல்ல,
எண்ணுவதற்கு.

பேட்லியில் எல்லாப் பெண்களும் எண்ணுவார்கள்.
கரிக்காரர் முதுகு மூட்டையைச் சரித்துக் கொட்டியதும்
காலிச் சாக்கை நடைபாதையில் போடுவார்,
ஒன்றின்மேல் ஒன்றாக.
அடுக்கை எண்ணிக் காசு கொடுப்பது ஊர் வழக்கம்.
எதிர்வீட்டு டோர்கஸ் ஏமாந்தது அப்படித்தான்:
லாரியிலேயே காலியாக வந்த சாக்கு ஒன்று
அந்த அடுக்கில் படுத்திருந்தது,
கரி சுமந்து களைத்ததுபோல.

ஆகவே நான் சாக்கை நம்புவதில்லை.
சத்தத்தை எண்ணுகிறேன்.
நடைபாதையின் வட்ட இரும்பு மூடி திறந்ததும்
என் காலுக்குக் கீழே நிலவறையில்
இடி இறங்கும்.
அலமாரித் தட்டுகள் நடுங்கும்.
ஒன்று.
பூட்ஸ் சத்தம், இருமல், பூட்ஸ் சத்தம்.
இரண்டு.

ஒரு காலத்தில் எங்கள் கரிக்குச் சாக்கே கிடையாது.
ஆம்ப்ரோஸ் சுரங்கத்தில் இருந்தவரை
வீட்டுப் பங்கை லாரி வாசலில் கவிழ்த்துவிட்டுப் போகும்.
குவியல். எடையில்லை, விலையில்லை.
பால்காரர் அதைத் தாண்டிக் குதிப்பார்.
நானும் அவனும் மண்வெட்டியால் தள்ளித் தள்ளி
இருட்டிய பிறகுதான் முடிப்போம்.
சிரித்தால் பல் மட்டும் தெரியும்.

அப்புறம் சுரங்கத்தை விட்டான்.
என்னையும்.
கிரிம்ஸ்பியில் மீன்படகு, வேறொரு வீடு.
அன்றிலிருந்துதான் கரி எனக்கு
மூட்டையாக வரத் தொடங்கியது,
அந்தர் கணக்கில், வாய் திறந்தபடி.

நிலவறையிலிருந்து அதை மேலே ஏற்றுவது
ஒரு தகர வாளி.
அடியில் ஓட்டை;
பிஸ்கட் டப்பாவை வெட்டி நானே அடைத்தது.
கணப்புக்குப் பக்கத்தில் பித்தளைக் கரிக்கூடை,
கல்யாணப் பரிசு, கரியைக் கண்டதே இல்லை.
முகம் பார்க்கலாம், அப்படித் துலக்கியிருக்கிறேன்.
உள்ளே ரசீதுகள், ஒற்றைக் கையுறை,
எந்தப் பூட்டுக்கும் சேராத ஒரு சாவி.

அறுபத்து மூன்றாம் ஆண்டு ஜனவரி.
குழாய் உறைந்தது. கழிப்பறை உறைந்தது.
கயிற்றில் காயப்போட்ட சட்டை
பலகைபோல் கையில் வந்தது.
அந்த வியாழன் ஓல்ட்ராய்டின் லாரி
தெருமுனையிலேயே நின்றுவிட்டது.
பனியில் ஒவ்வொரு மூட்டையாக நடந்து வந்தார்.
ஒன்று. இரண்டு.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே
ஒரு தேநீர் போட்டுவிடலாம், அவ்வளவு நேரம்.
ஐந்து. நான் கேட்டது ஐந்து. கையில் இருந்ததும் ஐந்துக்கே.

ஆறு.

தட்டுகள் பொய் சொல்லாது.
வெளியே ஓடினேன்.
அடுக்கில் ஐந்தே சாக்கு.
ஆறாவதை ஒரு மூலைக்குள் மறு மூலையைத் திணித்து
கொங்காணியாகத் தலையில் போட்டிருந்தார்,
புருவத்தில் பனி.
"ஐந்து" என்றார்.
கோபம் வந்தது எனக்கு. யார் கேட்டது?
டோர்கஸ் ஏதாவது சொல்லியிருப்பாளோ?
இல்லை, இத்தனை வாரம் மூட்டைக்கு ஒரு கை குறைத்ததெல்லாம்
ஒன்றாகச் சேர்ந்து இன்று
தானே நடந்து வந்துவிட்டதோ?
குளிரில் வாய் திறந்தால் பல்தான் அடிக்கிறது.
"ஐந்து" என்றேன்.
எண்ணிக் கொடுத்தேன். எண்ணி வாங்கினார்.

மெழுகுவர்த்தியோடு நிலவறைக்கு இறங்கிப் பார்த்தேன்.
எது அந்த மூட்டை?
கொட்டிய பிறகு கரிக்குச் சாக்கின் நினைவில்லை.
மேலே கிடந்ததைத் தொடாமல்
ஓரத்திலிருந்தே வாளியை நிரப்பினேன்,
நான்கு நாள்.
ஐந்தாம் நாள் ஓரமென்று ஒன்றில்லை.

பிப்ரவரியில் எட்டு ஷில்லிங் சேர்ந்தது.
கொடுத்தால் வாங்க மாட்டார்;
வாங்கிவிட்டால் அதைவிடக் கஷ்டம்.
பித்தளைக் கூடையில் போட்டேன்.
நல்ல சத்தம்.
வியாழக்கிழமைகளில் இப்போதும் எண்ணுகிறேன்,
ஐந்து சத்தம், ஐந்து சாக்கு.
கணக்குச் சரி.
மூடி விழுந்த பிறகும்
தட்டுகள் அடங்கட்டும் என்று
கொஞ்சம் நிற்கிறேன்.